இரத்து என்பதற்கு ஒரு சொல்

"இந்தச் சொல்லை மட்டும் அவவுக்கு விளங்கப்படுத்தும்" என்றார் நொத்தாரிசு மயில்வாகனம்.

அவருடைய விரல், காணி விற்கும் உறுதிப் பத்திரத்தில், 'இரத்துச் செய்யப்பட்டது' என்பதன் கீழ் நின்றது.

மனைவி தன் காணியை விற்கக் கணவன் ஒப்பமிட வேண்டும் என்ற விதி, பறங்கிப் பெண்களுக்கு அந்த வருடம், 1924இல், இல்லாமற் போயிருந்தது.

போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிப் பெண் லியோனோரா, கதிரையின் நுனியில் இருந்தாள். தெல்தெனியவில் தகப்பன் விட்டுப்போன காணியை விற்றால் மகள் ஐரிஸ் கொழும்புக்குப் போய் வைத்தியம் படிக்கலாம். பெண்பிள்ளைக்குக் கொழும்பு எதற்கு என்று கணவர் மூன்று வருடமாக ஒப்பமிட மறுத்தார். இந்தக் கந்தோர்ப் படியைக்கூட அவர் மிதித்ததில்லை.

சந்தையில் தமிழும் சிங்களமும் பேசுகிறவள்தான். கையொப்பம் என்றால் வீட்டில் பேசும் போர்த்துக்கீசில் கேட்க வேண்டும் என்று நின்றாள். விளங்காமல் ஒருவர் ஒப்பமிட மயில்வாகனமும் விடமாட்டார்.

மொழிபெயர்க்க வருவதாகச் சொன்ன பாதிரியார் மழையில் வரவில்லை.

விறாந்தையில் வெகுநேரம் நின்ற ஒருவர், தனக்கு அந்தப் பாஷை தெரியும் என்று உள்ளே வந்திருந்தார்; விளங்கப்படுத்தும்படி மயில்வாகனம் கேட்டது அவரைத்தான். தோல் தைக்கும் மெழுகு அவர் விரல்களில் கறுத்திருந்தது.

லியோனோரா அவரைப் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

அவர் ஏதோ சொன்னார். அவள் ஏதோ திருப்பிக் கேட்டாள்.

"என்னவாம்?"

"சட்டம் செத்துப்போச்சு எண்டு சொன்னன். ஆரு அடக்கம் பண்ணின எண்டு கேக்கிறா."

எழுதுவினைஞர் நடராஜா சிரித்துவிட்டார்.

"பகிடி விடாதேயும். அவவுக்கு விளங்காட்டி இண்டைக்கு உறுதி முடியாது."

அந்த மனிதர் வாசற்பக்கம் திரும்பினார். கூரைத் தகரத்தில் மழை கேட்டது. தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். கதவு திறந்தே கிடந்தது.

அவர் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே, மெதுவாக ஒரு முழு வசனம் சொன்னார்.

லியோனோரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மையில் தோய்த்து, தன் பெயரை ஓரெழுத்தும் விடாமல் எழுதினாள்.

மயில்வாகனம் மை உலர ஊதினார்.

"ஒரு சொல்லுக்கு அவ்வளவு நீட்டாய் என்ன சொன்னீர்?"

"இனி உனக்கு என்ட கையெழுத்துத் தேவையில்லை எண்டு சொன்னன், ஐயா."