கோடில்லாத கொப்பி

கல்முனை பசாரில் றவூபின் கடைவாசல். பக்கத்துத் தேநீர்க்கடை றேடியோவில் பாட்டு ஓடுகிறது. கதவுகளுக்குப் பூவேலை கீறவும் மர அளவுகளைக் குறிக்கவும் சட்டைப்பையில் அடங்கும் கொப்பியொன்று வாங்க வந்திருக்கிறார் தச்சர் உதுமாலெவ்வை. கண் ஆஸ்பத்திரியில் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை. ஒரு கொப்பியை விரித்துத் தாளைத் தடவுகிறார், முகத்தருகே கொண்டுபோகிறார்.

“இது நல்லம் தம்பி. கோடில்லாத வெள்ளத்தாள். படம் கீறத் தோதா இரிக்கி.”

றவூப் தலையைக் குனிந்துகொள்கிறான்.

“காக்கா, அது கோடு போட்ட கொப்பி.”

உதுமாலெவ்வையின் பெருவிரல் தாளிலேயே நிற்கிறது.

“அப்ப கோடில்லாதத எடு.”

எடுத்துக் கொடுக்கிறான். இரண்டையும் வெயிலில் அருகருகே விரித்துப் பிடிக்கிறார். இரண்டும் ஒரேமாதிரி வெறும் வெள்ளையாகவே இருக்கின்றன.