ஒரே ஒரு கிளை

"தோட்டக்காரர் அந்தப் பக்கம் போயிட்டார். சீக்கிரம் தோண்டு, மில்ட்ரட்!" என்றாள் அக்கா ஹெஸ்டர், குடையை விரித்து என்னை மறைத்தபடி.

மழையே இல்லை. அந்தப் பழைய மாளிகைத் தோட்டத்தில் குடை விரித்திருந்தது நாங்கள் மட்டும்தான்.

"பயமா இருக்குக்கா."

"பன்னிரண்டு வருஷம் முன்னாடி பயப்படலையே? அன்னைக்கும் இதே குடைதான்."

சின்னக் கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோதே, சேறு படிந்த இரண்டு ரப்பர் பூட்ஸ் என் எதிரே வந்து நின்றன.

"பையைத் திறங்கம்மா," என்றார் தோட்டக்காரர்.

திறந்தேன். உள்ளே தொட்டியில் டாஃப்னி என்னும் வாசனைச் செடி, உடம்பெல்லாம் பூ.

"நான் திருடலைங்க!" அழுதேவிட்டேன். "திருப்பி வைக்க வந்தேன். அன்னைக்கு இங்கேருந்து ஒரே ஒரு கிளையைக் கிள்ளி, குடைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போய் வளர்த்தேன். தாய்ச்செடி பனியில செத்துப்போச்சுன்னு போன வாரம் வாசல் பலகையில படிச்சதிலேருந்து தூக்கமே இல்லை."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"கொட்டகைக்குப் பின்னாடி வச்சிடுங்க. அங்க வரிசை இருக்கும்."

போய்ப் பார்த்தோம். முப்பத்தொரு தொட்டிகள். அத்தனையும் டாஃப்னி.

"நல்லவேளை, நாம மட்டும் இல்லை!" அக்கா பெருமூச்சு விட்டாள்.

"நீங்க மட்டும் கிள்ளியிருந்தா அது பிழைச்சிருக்கும்மா," என்றார் பின்னாலேயே வந்த தோட்டக்காரர். "பனின்னு பலகையில எழுதினது, சும்மா ஒரு மரியாதைக்கு."