நாரை டைல்

மின்சூளையின் மூடியைத் தூக்கியதும் வெதுவெதுப்பான காற்று புஷ்பவதியின் முகத்தில் படுகிறது. கனடாவின் மொன்றியல் நகரத்துப் பழைய மாளிகையொன்றில், விக்டோரியா காலத்துக் குயவர் யாரோ செய்த கணப்படுப்பு டைல்களில் ஒன்று உடைந்துவிட்டது. அதே பச்சையில், அதே நாரையோடு இன்னொன்று செய்துகொடுப்பது இந்தப் பட்டறையில் அவளுடைய பொறுப்பு. கையுறையோடு டைலை எடுத்து ஜன்னலோரம் பிடிக்கிறாள். மாலைப் பனியின் வெளிச்சத்தில் பச்சை குளத்துத் தண்ணீர் போல ஆழமாகத் தெரிகிறது. நிறம் இம்முறை அப்படியே வந்திருக்கிறது. ஆனால் நாரையின் கழுத்துக்குக் குறுக்கே மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. அவள் முக்காலியில் உட்காருகிறாள். இடுப்பு விண்விண்ணென்று வலிக்கிறது. முழங்கைவரை களிமண் காய்ந்து வெளுத்திருக்கிறது. அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் இரவிச்சந்திரன் வாசலில் நிற்கிறான். விடியற்காலையிலிருந்து டாக்சி ஓட்டியதில் அவன் கண்கள் சிவந்திருக்கின்றன. “திரும்பவும் வெடிச்சுப்போச்சோ?” “ஓம். நீங்கள் வீட்டை போங்கோ. இண்டைக்கே மற்றதை வெட்டிக் காயவைச்சால்தான் சொன்ன நேரத்துக்குக் குடுக்கலாம். களிமண் குழைக்கத்தான் கையில சத்தில்லை.” அவன் கிட்டே வந்து வெடித்த டைலைக் கொஞ்ச நேரம் பார்க்கிறான். “வடிவான நாரை,” என்கிறான். பிறகு தடித்த கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொள்கிறான். “எவ்வளவு தண்ணி விடுறது? சொல்லும்.” புஷ்பவதி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். “கொஞ்சம்தான்,” என்கிறாள். பலகையில் களிமண் தொப்பென்று விழுகிறது.