வளையும் பாதம்

"வளையற பாதமெல்லாம் உனக்கு எதுக்கும்மா? விழுந்து கிடந்தா யாரு பொறுப்பு?"

கேட்டவர், செயற்கைக் கால் வழங்கும் அலுவலகத்தின் அதிகாரி. இருபத்தைந்து வருட அனுபவம். ஆள் நடந்து வருகிற தினுசைப் பார்த்தே எந்தக் காலில் என்ன குறை என்று சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிக்கொள்பவர்.

எதிரே நின்றவள் பெயின்டர். பேன்ட்டிலும் ஷூவிலும் நாலு வீட்டுச் சுவர்களின் நிறம் ஒட்டியிருந்தது. இடது பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு பழைய செயற்கைக் கால், ஷூவுக்குள் அசையாத பாதத்தோடு.

"நான் ஏணி ஏறணும் சார். இந்தப் பாதம் விறைச்சுக்கிட்டு நிக்குது, படியில பிடிமானமே இல்ல. இந்த மாசத்துக்குள்ள ஏறிக் காட்டலன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு."

"கீழ நின்னு பெயின்ட் கலக்கிக் கொடேன். யாரு வேணாங்கறா?"

"நான் வேணாங்கறேன்." பட்டென்று சொன்னாள். "பதினோரு வருஷமா மூணு மாடி உசரத்துல நின்னு அடிச்சவ சார் நான். இன்னொருத்தன் மேல ஏறி அடிக்கறதை அண்ணாந்து பாத்துக்கிட்டு வாளியைக் கலக்க என்னால முடியாது."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. சரி, நட. பார்க்கறேன்."

அறையின் குறுக்கே நடந்தாள். இடது பாதம் டக், டக்கென்று தரையைத் தட்டியது. வலது பாதம் சத்தமே இல்லாமல் குதிகால் ஊன்றி, முன்பக்கம் உந்தி எழும்பியது.

"அந்த ஸ்டூல் மேல ஏறு."

வலது காலை வைத்து ஒரே மூச்சில் ஏறி நின்றாள். சுவரைக்கூடப் பிடிக்கவில்லை.

"பார்த்தியா!" அதிகாரி மேஜையைத் தட்டினார். "உன் வலது பாதம் எப்படி ஊனுது, எப்படி உந்துது! அது கடவுள் கொடுத்ததும்மா. எந்தக் கம்பெனிக்காரன் தலைகீழா நின்னாலும் இப்படி ஒண்ணு செய்ய முடியாது. நீ கேக்கறது படத்துல பாக்கத்தான் அழகு. ஏணியில காலை வாரிடும்."

"வலது மாதிரியே இடதும் இருந்தா ஏறலாமா சார்?"

"ஏணி என்ன, மலையே ஏறலாம். அதான் நடக்காதுங்கறேனே!"

"அப்போ எழுத்துல கொடுங்க."

"எதை?"

"இப்ப சொன்னதை அப்படியே. வாயால சொல்லி அனுப்பினா போக மாட்டேன். வெளிய பெஞ்சுல நாளைக்கும் உட்காருவேன், நாளன்னைக்கும் உட்காருவேன்."

இவளை அனுப்பினால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. கோப்பை இழுத்து, வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார். "மனுதாரரின் வலது பாதம் நேரில் பரிசோதிக்கப்பட்டது. ஏணி ஏற முற்றிலும் ஏற்றது. இடது பாதமும் இவ்வாறே இருப்பின் தொழிலைத் தடையின்றிச் செய்யலாம். ஆனால் இயற்கையான பாதத்தைப் போல் செயற்கைப் பாதம் அமையாது. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது."

கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

"திருப்திதானே? கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது பேன்ட்டைச் சுருட்டினாள். முழங்காலுக்குக் கீழே எதையோ அழுத்தினாள். 'க்ளிக்' என்றது.

ஷூவோடு கழன்று வந்த வலது காலை, மை காயாத அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள்.

"உங்க படிவத்துல ஒரு காலுக்குத்தான் சார் இடம் இருந்துச்சு. இது என்கூட வேலை செய்யறவங்க சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. இதுக்கு ஜோடி கேட்டுத்தான் வந்திருக்கேன்."