நான்காவது பாதைக்கான கோடு

புறநகர் ரயிலுக்கு நான்காவது பாதை போடுவதற்காக சர்வேயர் வந்து, அமலியின் வீட்டு வெளிச்சுவரில் சிவப்புக் கோடு இழுத்தார். கோடு வரைக்கும் இடித்துவிடுவார்கள். அமலி அதன்மேல் சுண்ணாம்பு அடித்தாள். மறுவாரம் அவர் கோட்டைக் காணாமல் மறுபடியும் அளந்தார். இம்முறை அது கூடத்துக்குள் விழுந்தது. அதையும் அழித்தாள். பிறகு அது சமையலறைக்கு வந்தது.

"அழிக்க அழிக்க உள்ள வருதுடி, சும்மா விடு," என்றான் கணவன் ஞானம்.

"விட்டா மட்டும் வாசல்லயே நின்னுடுமா?"

நான்காம் முறை அவர் பிரஷோடு வந்தபோது அமலி குறுக்கே போய் நின்றாள்.

"நகருங்கம்மா, அடுத்த வீடு வேற இருக்கு."

அவள் நகரவில்லை. அவர் குனிந்து, அவளுடைய இடது பாதத்தின் மேலேயே கோட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அமலி அந்தக் காலை மெல்லத் தூக்கினாள். எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.