கமுக்கமான இருமல்

"நீங்க கொண்டு வந்து கொடுத்த சளி டப்பாவுக்கு ரிசல்ட் வந்துடுச்சும்மா. டிபிதான்."

வாசலில் நின்று நர்ஸம்மா சொன்னது, உள்ளே டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கண்டக்டரின் காதில் விழுந்தது. ஒற்றைக் கால் ஷூவோடு பாய்ந்து வந்தார்.

"டிபியா? இவளுக்கா?"

நர்ஸம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் மனைவி முந்திக்கொண்டாள். "உள்ள வாங்க நர்ஸம்மா, உட்கார்ந்து பேசலாம்."

"எத்தனை நாளா மறைச்சே? நீ இருமி நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே! எவ்வளவு கமுக்கமா இருமியிருந்தா..."

அதற்குள் அவருக்கே இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இருமித் தீர்த்தார்.

மூன்று மாதமாக இதே கூத்துதான். பஸ்ஸில் விசில் ஊதினால் காற்றுதான் வருகிறது. சத்தம் வருவதில்லை. தகரத்தைத் தட்டித்தான் வண்டியைக் கிளப்புகிறார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. மெடிக்கல் ஷாப் இருமல் மருந்தில் பதினோராவது பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூச்சு திரும்பியதும் மனைவி பக்கம் விரலை நீட்டினார்.

"இப்பத்தானே புரியுது! நான் இப்படி லொக்கு லொக்குனு இருமறேனே, எல்லாம் உன்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது!"

உள்ளே வந்து உட்கார்ந்த நர்ஸம்மா பேனாவைக் கடித்தபடி மின்விசிறியைப் பார்த்தாள்.

"புகை, தூசியால வர்ற இருமல்னு விட்டுட்டா..." என்று இழுத்தாள் மனைவி.

"புகையாம் புகை! ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளியைக் காட்டணும்னு எங்க பஸ் முதுகுல இத்தனை பெரிசா எழுதி ஒட்டியிருக்கு. தினமும் அதைக் கட்டி இழுத்துக்கிட்டு ஊரைச் சுத்தறவன் நான். என்கிட்டயே கதை விடறியா?"

"மெடிக்கல் ஷாப் மருந்துலேயே கேட்டுடும்னு..."

"அவன் என்ன டாக்டரா? இனிப்புத் தண்ணியைக் குடிச்சா கிருமி செத்துடுமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் வேலை கெட்டுடுமே..."

"உயிரை விட வேலை பெரிசா? மூளைய எங்க அடகு வெச்சே?"

"நாலு பேருக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டுமே! அந்த நாலு பேரா வந்து உனக்கு மூச்சு விடப் போறாங்க?"

ஒவ்வொன்றுக்கும் அவள் பவ்யமாகத் தலையாட்டினாள். திட்டு வாங்குகிறவளின் முகம் மாதிரி இல்லை அது. ஆனால் அதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா அவர் இருந்தார்?

"உனக்கு எதுலதான் அக்கறை? போன வாரம் வாஷ்பேசின் ரெண்டு நாள் அடைச்சுக் கிடந்துச்சு. ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டத் துப்பில்லை."

"அது தானா சரியாயிடுச்சுங்க."

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தது. ஐந்து வயது. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டால் அவர் மடியை விட்டு இறங்காது.

அதைப் பார்த்ததும் அவர் குரல் உடைந்துவிட்டது. இவ்வளவு நேரம் கத்தியதெல்லாம் பயத்தில்தான்.

"அடிப்பாவி, உனக்கு ஒண்ணுன்னா இவளுக்கு யாரு இருக்கா? எனக்குத்தான் யாரு இருக்கா? ஒரு நிமிஷம் யோசிச்சுப் பார்த்தியா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"யோசிச்சேங்க. மூணு மாசமா அதைத் தவிர வேற எதையும் யோசிக்கலை."

கண்டக்டர் நர்ஸம்மாவிடம் திரும்பினார். "எத்தனை நாளைக்கு மருந்து?"

"ஆறு மாசம் சார். காசு கிடையாது. விடாம சாப்பிட்டா முழுசா குணமாயிடும். நடுவுல ஒரு நாள்கூட விடக் கூடாது. வீட்டுல இருக்கறவங்களும், முக்கியமா பாப்பா, ஒரு தடவை வந்து காட்டிடணும்."

"விட்டுடுவேனா? தினமும் தண்ணியோட நானே பக்கத்துல நிப்பேன். முழுங்கிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டணும். ஒரு நாள் ஏமாத்தினாலும் தொலைச்சுடுவேன், தொலைச்சு! எழுதிக்குங்க நர்ஸம்மா."

"எழுதிக்கிட்டேன் சார். இந்த மருந்து அட்டையில ஒரு கையெழுத்து போடுங்க."

பேனாவைக் கெத்தாக வாங்கி ஒரே இழுப்பில் கையெழுத்து போட்டார். அப்புறம்தான் அட்டையின் மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தார். படித்தவர் மறுபடியும் படித்தார்.

"என்ன நர்ஸம்மா இது, என் பேரை எழுதி வெச்சிருக்கீங்க?"

"உங்க அட்டையில உங்க பேரைத்தானே சார் எழுதணும்?"

"நான் எப்ப டப்பா கொடுத்தேன்?"

"வாஷ்பேசின் அடைச்சிருக்கு, இதுல துப்புங்கனு ரெண்டு நாள் காலையில டப்பாவை நீட்டினேனே," என்றாள் மனைவி. "அடைச்சதே நான்தான். கிழிஞ்ச பாவாடைத் துணி. எத்தனை தடவை கூப்பிட்டும் ஆஸ்பத்திரிப் பக்கம் நீங்க தலைவெச்சுப் படுக்கலையே. வேற என்னங்க பண்றது?"

அவர் வாயைத் திறந்தார். புகை என்று சொல்லலாமா? மெடிக்கல் ஷாப்? லீவு? நாலு பேர்? எதை எடுத்தாலும் அதற்கான பதிலை இப்போதுதான் தன் வாயாலேயே, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லி முடித்திருந்தார்.

நர்ஸம்மா பையிலிருந்து முதல் நாள் மாத்திரைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மனைவி தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"முழுங்குங்க. முழுங்கிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டுங்க."