இடுப்புயர முடிச்சு

இந்தத் தீவின் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் அப்பா. பகல் வெயில் விளக்கின் பெரிய கண்ணாடியில் பாய்ந்து தீப்பிடித்துவிடும் என்பதால், விடிந்ததும் திரையை இழுத்துக் கட்டுவது எங்கள் வேலை. தங்கச்சிக்குக் கை எட்டாது. இடுப்புயரத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள்.

"ஊதினா அவிழ்ந்துடும்," என்று அப்பா சிரிப்பார். நான் மேலே இன்னொன்று போடுவேன்.

ஏழு வயதில் அவளைக் கடல் கொண்டுபோனது. நாங்கள் தீவைவிட்டுப் போய்விட்டோம்.

நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு விளக்கத்தின் உச்சிக்கு ஏறினேன். திரை கட்டியிருந்தது, இடுப்புயரத்தில்.

"யாருங்க கட்டுறது?"

"தெரியலம்மா," என்றார் வழிகாட்டி. "காலையில பூட்டைத் திறந்தா இப்படித்தான் இருக்கு. மத்தியானத்துக்குள்ள அவிழ்ந்துடும்."

அவர் திரும்பியதும், மேலே என் முடிச்சைப் போட்டேன்.